அக்கா பையில் இருக்கும்

அவளுடைய கைப்பையில் கேஸ் அடுப்பின் குமிழ்கள் இரண்டு எப்போதும் கிடந்தன. அடுப்பைத் திருகிப் பற்றவைக்கிற அந்தக் குமிழ்களை வீட்டில் ‘நாப்’ என்பார்கள். மற்றவர்கள் பையில் சீப்பு இருக்கும், தைலம் இருக்கும், கசங்கிய கைக்குட்டை இருக்கும். இவள் பையில் அவற்றோடு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கறுப்பு நாப்கள் இரண்டும் ஒரு வெட்டுத் துணியில் சுற்றி இருக்கும். சமையல் முடிந்து அடுப்பைத் துடைத்த கையோடு அவற்றைப் பிடுங்கிப் பைக்குள் போட்டால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். சிலிண்டரை மூடினால் போதாதா என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்துவிட்டாள். மூடியதைத் திறக்கத் தெரிந்தவன் வீட்டில் இருந்தான்.

அவன் அவளுடைய தம்பி, நாற்பதைத் தொட்ட ஆள். ஒரு காலத்தில் நல்ல பெயின்டர் என்று பேர் வாங்கியவன். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டபோது, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். பிழைத்தான். நடந்தான், சாப்பிட்டான், சிரிக்கவும் சிரித்தான். ஆனால் எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் பாதியில் நூல் அறுந்துவிடும். சட்டைக்கு இரண்டு பொத்தான் போட்டுவிட்டு மூன்றாவதை மறந்து நிற்பான். ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்து, கைத்துணியை அதன் பக்கத்திலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். சமையலறை அலமாரி முழுக்க எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே வந்தபோது, ஈரத் தலையோடு கூடத்தில் நின்று, “யார் வீட்ல தீ?” என்று கேட்டானாம். அன்றிலிருந்துதான் நாப்கள் பைக்குள் குடியேறின.

இன்னொன்றும் உண்டு. பொழுது சாய்ந்தால் அவன் வாசலைப் பார்த்தபடி கேட்பான்:

“எப்பக்கா வீட்டுக்குப் போறோம்?”

“இதுதான்டா வீடு.”

யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பதுபோல் சுவரையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்ப்பான். கொஞ்ச நேரம் போனால் மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் அதே பதில். அது கேள்வியே இல்லை, அந்தி நேரத்துப் பதற்றம் என்றார் டாக்டர். பதற்றமோ என்னவோ, தினமும் அதைக் கேட்டுக் கேட்டு அவள் நொந்துபோவாள். நான் இத்தனை செய்தும் இவனுக்கு இது வீடாகவில்லையே என்று இருக்கும்.

தையல் கடையில் அளவு திருத்துவது அவளுடைய வேலை. தொளதொள என்று இருப்பதைப் பிடிப்பாள், இறுக்கமானதைப் பிரித்துவிடுவாள். அங்கே தையல் எந்திரத்தின் மேலேயே ஒரு நாள் மயங்கிச் சரிந்தாள். ரத்த அழுத்தம். இரண்டு நாளில் எழுந்துவிட்டாள் என்றாலும், அவள் கணவர் அதை அத்தோடு விடவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். அறுந்து விழுவதற்கு முன்னால் கயிற்றை மாற்ற வேண்டும் என்பது அவர் தொழில் கொடுத்த புத்தி.

“இன்னைக்கு நாம இருக்கோம். நாளைக்கு அவன் என்ன பண்ணுவான்?”

“நாளைக்குன்னா?”

“நாம செத்துப் போறதைச் சொல்றேன். நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாது. பேசித்தான் ஆகணும்.”

அப்படித்தான் அந்த வீட்டைப் பற்றிய பேச்சு வந்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. தனியாக வாழ முடியாத, ஆனால் ஆஸ்பத்திரியிலும் இருக்கத் தேவையில்லாத ஐந்து பேர் அதில் சேர்ந்து குடியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு அறை, அந்த அறைக்கு ஒரு சாவி. சமையலறையும் கூடமும் பொது. பகலில் பொறுப்பாளராக ஒரு பெண் இருந்தாள், இரவில் துணைக்கு ஒருவர் படுத்துக்கொள்வார். சமையல், பெருக்குவது எல்லாம் முறை வைத்து அவர்களே செய்தார்கள். தடுமாறுகிற இடத்தில் மட்டும் கை கொடுப்பார்கள். ஓர் அறை காலியாக இருந்தது. ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும், கடைசி வெள்ளிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம் என்றார்கள்.

அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிடச் சோதனை போட்டாள் என்பதே சரி. குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தாள். படிக்கட்டின் கைப்பிடியை ஆட்டினாள். நாலு பர்னர் அடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அதில் நாலு வெள்ளி நிற நாப்கள் பளபளவென்று துருத்திக்கொண்டு நின்றன.

“இதைக் கழட்டி வைக்க மாட்டீங்களா?”

“கழட்டிட்டா எப்படிம்மா சமைக்கிறது?” என்றாள் பொறுப்பாளர். வயதில் சின்னவள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, “அண்ணே, உங்களுக்கு அறை எப்படி இருக்கு?” என்றாள்.

“அவனுக்கு வெளிச்சம் ஜாஸ்தி ஆகாது. ஜன்னலுக்கு நான் திரை தைச்சுக் குடுத்துடறேன்” என்றாள் அக்கா.

“அவரைக் கேட்டேன்ம்மா.”

அவன் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். “பட்டி சரியா பார்க்கலை” என்றான். பெயின்டுக்கு முன்னால் சுவரை மழமழப்பாக்கப் பூசுகிற பட்டியைப் பற்றி அவ்வளவுதான் சொன்னான். அவனை யாராவது ‘அண்ணே’ என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது என்பது அக்காவுக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

அவனைக் கொண்டுபோய் விட்ட செய்தி சொந்தத்துக்குள் பரவியது. “உங்கம்மா இருந்திருந்தா இப்படித் தள்ளிவிட்டிருப்பாளா?” என்று சித்தி போனில் கேட்டாள். அந்தச் சித்தி அவனை ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூட அழைத்ததில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் ஊர் வாய்கூடப் பரவாயில்லை. அவன் இல்லாத முதல் இரவு அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். காலையில் விழித்தபோது அந்தத் தூக்கம்தான் அவளைக் குத்திக் கொன்றது. அவன் இல்லாததில் எனக்கு இவ்வளவு சுகமா என்று தன்னையே வெறுத்தாள். மாலையில் வீடு வாயடைத்துக் கிடந்தது. எப்ப வீட்டுக்குப் போறோம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தேவலை என்றிருந்தது. அவன் இல்லாத வீட்டிலும் அவள் கை மட்டும் பழக்கம் மாறாமல் நாப்களைப் பிடுங்கிப் பைக்குள் போட்டது. வேலையிலிருந்து சீக்கிரம் வந்த அன்றெல்லாம் கணவர் ஒரு டீ போட முடியாமல் தவித்தார். “உன் தம்பி அங்க டீ போட்டுக் குடிக்கிறான். எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?” என்றார்.

தம்பி டீ போடுகிறான் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

முடிவு செய்கிற வெள்ளிக்கிழமைக்கு முன்பாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, அந்த வாரத்தில் ஒரு நாள் கடையில் சீக்கிரமாகவே சொல்லிக்கொண்டு போனாள். கூடத்தில் ரேடியோ உட்கார்ந்திருந்தார், அந்த வீட்டு ஐவரில் ஒருவர். நிறுத்தாமல் பேசுவதால் அந்தப் பெயர். அவரே தனக்கு வைத்துக்கொண்டதுதான். எந்தப் பஸ் எந்தத் தெருவில் திரும்பும் என்பதிலிருந்து நேற்றுக் கனவில் யார் வந்தது என்பது வரை ஒலிபரப்பு ஓயாது. ஒரு காலத்தில் அவருடைய காதுக்குள் பல பேர் பேசினார்களாம். இப்போது மாத்திரையில் அவர்கள் அடங்கிவிட்டதால், அவர்கள் பங்கையும் சேர்த்துத் தானே பேசுவதாகச் சொல்வார்.

தம்பி பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். தாடி மழிக்கவில்லை. கொஞ்சம் இளைத்தாற்போலவும் இருந்தது. இல்லை, அவள் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. கையைப் பிடித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து செக்கச் செவேலென்று ஒரு சூட்டுப் புண்.

“என்னடா இது?”

“சுட்டுது.”

“யாரு சுட்டது?”

“டீ.”

அவள் எழுந்த வேகத்தில் ரேடியோ ஒலிபரப்பே ஒரு கணம் நின்றது. பொறுப்பாளர் ஓடி வந்தாள். “பாத்திரத்தை வெறுங்கையால பிடிச்சுட்டாரும்மா. நான் பக்கத்துலதான் நின்னேன், தடுக்கறதுக்குள்ள தொட்டுட்டாரு. ஆனா அவரே போய்க் குழாய்ல கையைக் காட்டினாரு. உங்களுக்கு உடனே போன் பண்ணியிருக்கணும். பண்ணலை. அது என் தப்பு” என்றாள்.

“எங்க வீட்ல இத்தனை வருஷமா இவனுக்கு ஒரு சூடு பட்டதில்லை தெரியுமா?”

“தெரியும்மா” என்றாள் அவள். அதற்கு மேல் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதே நேரம் பார்த்து வெயில் மதிலை விட்டு இறங்கியது. தம்பி முகத்தில் அந்தப் பழைய தவிப்பு வந்தது. அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

“எப்பக்கா வீட்டுக்குப் போறோம்?”

பொறுப்பாளர் முகம் வாடியது. அவனுக்குக் கேட்காதபடி அக்காவைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னாள்: “வந்ததிலேர்ந்து சாயங்காலமானா இதைத்தான் கேக்கறாரும்மா. நாங்க யாரையும் பிடிச்சு வெச்சுக்கறதில்லை. வீட்டுக்குப் போகணும்னு ஒருத்தர் தினமும் சொல்றாருன்னா அதைத்தான் பெருசா எடுத்துக்கணும். மத்ததெல்லாம் நல்லாத்தான் போகுது. ஆனா வெள்ளிக்கிழமை நான் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு வேற எதாவது தோணுதா?”

தோன்றியது. ‘அம்மா, அதை அவன் எங்க வீட்டுக் கூடத்துல உட்கார்ந்துக்கிட்டும் கேட்பான்’ என்ற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லாவிட்டால் தம்பி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் தள்ளிவிட்டவளாக இருக்க வேண்டாம், சித்தி வாயும் அடைபடும். அந்தப் புண்ணை இனி தினமும் நினைத்துச் சாக வேண்டாம். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவனே கேட்டான், வந்தான்.

“எனக்கென்ன தோணப்போகுது?” என்றாள்.

சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. எதையாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. சமையலறைக்குள் போய் எல்லோருக்கும் டீ போட்டாள். குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பை அழுத்தித் துடைத்தாள். தம்பியின் சட்டையைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினாள்.

பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே புரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. பொறுப்பாளர்தான்.

“அம்மா, ஒரு சின்ன விஷயம். எங்க அடுப்பு நாப் நாலையும் காணோம். வீடு பூரா தேடிட்டோம். உங்க தம்பிதான் சொன்னாரு, ‘அக்கா பையில இருக்கும்’னு.”

அவள் பையைக் கட்டிலில் கொட்டினாள். கறுப்பு நாப்கள் இரண்டு. அவற்றோடு, வெட்டுத் துணிக்குள் பாந்தமாகச் சுற்றியபடி, வெள்ளி நிற நாப்கள் நாலு. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஐயோ, நானே கொண்டு வந்துடறேன்ம்மா.”

“வேணாம்மா, அவரே கிளம்பிட்டாரு. இன்னைக்குச் சமையல் அவரோட முறை. ‘நான் போய் வாங்கிட்டு வரேன்’னு செருப்பை மாட்டிட்டாரு. நீங்க ஏறினதுக்கு அடுத்த பஸ்.”

“தனியாவா விட்டீங்க?”

“ரேடியோ கூட வராரும்மா.”

அவள் போனை வைத்தாளா, அது கையிலிருந்து விழுந்ததா தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து வீட்டுக்குமாகக் குட்டி போட்ட பூனைபோல் அலைந்தாள். ஒரு பஸ் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள், ஒரு பாட்டுச் சத்தம் இறங்கியது, அவர்கள் இறங்கவில்லை. இன்னொரு பஸ் நிற்காமலே போனது. எந்தச் சாலையின் நடுவே நின்று, எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறானோ? நான் அந்தப் பாழாய்ப்போன நாப்களைத் தொடாமல் இருந்தால் அவன் அங்கே பத்திரமாக இருந்திருப்பான் என்று நினைத்தாள். அங்கே, பத்திரமாக. நினைத்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று தெரிந்தது.

நிறுத்தம் இருந்த பக்கத்திலிருந்து அவர்கள் வரவில்லை. தெருவின் மறுகோடியிலிருந்து வந்தார்கள், மெதுவாக, கடைத்தெரு சுற்றி வருகிறவர்களைப்போல. ரேடியோவின் குரல்தான் முதலில் வந்தது. “ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிட்டோம்மா. இவரு இறங்கணும்னாரு, நானும் சரின்னேன். பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கறாங்க, அதைப் பார்த்தே ஆகணும்னாரு…”

“முதல் கோட்டிங் காயலை. அதுக்குள்ள ரெண்டாவது அடிக்கறான்” என்றான் தம்பி. அவனுக்கு அது நிஜமாகவே கவலையாக இருந்தது.

அவள் அவன் தோளைப் பிடித்தாள், கையைப் பார்த்தாள், தலையைத் தடவினாள். எல்லாம் முழுசாக இருந்தது. அவன் நின்ற இடம் அவள் வீட்டு வாசற்படி. இந்தப் படியில் அவன் வெளியாளாக நின்று அவள் பார்த்ததே இல்லை.

“உள்ள வாடா.”

“நாப் குடு. என் முறை. எல்லாருக்கும் பசிக்குது.”

உள்ளே ஓடிப்போய்க் கட்டிலில் கிடந்ததையெல்லாம் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். அவன் வெள்ளி நாப்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மிச்சமிருந்த கறுப்பு நாப்களைச் சற்று நேரம் பார்த்தான்.

“என் பையில இருக்கும்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

“தினம் எடுத்துட்டுப் போவியே. நீ போனப்புறம் அடுப்பு சும்மா நிக்கும்.” அதில் புகார் எதுவும் இல்லை. “அதை மாட்டிடு அக்கா. நான்தான் இல்லையே.”

ஐந்து நிமிடம் முன்னால் நடந்தது நினைவில் நிற்காது என்று அவள் நம்பியிருந்தவன், இத்தனை வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வலித்தது. அவள் பாசத்தோடு செய்ததை அவன் தினமும் எப்படிப் பார்த்தானோ என்று வலித்தது.

தெரு விளக்குகள் எரியத் தொடங்கின. அவன் முகத்தில் தவிப்பு வந்தது. வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எப்ப வீட்டுக்குப் போறோம்?”

“இதுதான்டா…” என்று பழக்கத்தில் வாயைத் திறந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. ரேடியோவைப் பார்த்துக் கேட்டிருந்தான்.

“இதோ, அடுத்த பஸ்” என்றார் ரேடியோ. “சிவப்பு போர்டு போட்டது வரும். ஜன்னலோரம் உங்களுக்கு.”

“சரி” என்றான் தம்பி. தவிப்பு இறங்கிவிட்டது. அவன் மறுபடியும் கேட்கவில்லை. அவள் காத்திருந்தாள், அவன் கேட்கவே இல்லை. கணவர் நிறுத்தம் வரை போய் அவர்களை ஏற்றிவிட்டு வந்தார்.

“வெள்ளிக்கிழமை என்ன சொல்லப்போற?” என்றார்.

அவள் போனை எடுத்தாள். எதிர்முனையில் பொறுப்பாளர் வந்ததும், அவர்கள் பஸ் ஏறிவிட்டதை முதலில் சொன்னாள். பிறகு சொன்னாள்:

“அவன் வீட்டுக்கு எப்பப் போறோம்னு கேக்கறானே, அதை இங்கயும் தினமும் கேட்பான்ம்மா. எங்க கூடத்துலேயே உட்கார்ந்துக்கிட்டுக் கேட்பான். அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை.”

“அப்போ அவரு என்னதான் கேக்கறாரும்மா?”

“தெரியலை. இதுதான் வீடு, இதுதான் வீடுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். உங்க ரேடியோ பஸ் நேரம் சொன்னாரு, அடங்கிட்டான். அந்தக் கையை மட்டும் பார்த்துக்குங்க. பிடிக்கிறதுக்குக் கனமான துணி நான் தைச்சுத் தரேன். வெள்ளிக்கிழமை கொண்டு வரேன்.”

போனை வைத்துவிட்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள். கணவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, இந்தச் சமயத்தில் ஒரு டீயாவது போட்டுக் கொடுக்கலாம் என்று சமையலறைக்குள் போனார். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது, குழாய்ச் சத்தம் கேட்டது.

“ஏம்மா, நாப் எங்க?”

அவள் மூடியிருந்த கையை விரித்தாள். இரண்டும் அங்கேதான் இருந்தன.